தாடை வலிக்குப் பல்லைப் பிடுங்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவர்களின் பதில்கள்

மூன்று மாதமாக வலது காதுக்கு முன்னால் வலி. காலையில் எழுந்ததும் கன்னமும் நெற்றிப்பொட்டும் கனக்கின்றன. காதில் ஒன்றுமில்லை என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் சொல்லிவிட்டார். கடைசிப் பல்லை எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். எடுத்துவிடட்டுமா?
*வாசகி, தஞ்சாவூர்*

வேண்டாம், பொறுங்கள். அந்தப் பல்லில் சொத்தை இருக்கிறதா, தட்டினால் வலிக்கிறதா, சுற்றியுள்ள ஈறு வீங்கியிருக்கிறதா? எதுவுமே இல்லையென்றால் பல்லைப் பிடுங்கினாலும் இந்த வலி போகாது. பல் போனதுதான் மிச்சமாகும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் உருள்வதுதான் தாடை மூட்டு. பிறகு பல்லை இறுகக் கடியுங்கள். கன்னத்தில் புடைத்துக்கொண்டு வருவது மெல்லும் தசை. கடிப்பதை விட்டுவிட்டு அந்த இடத்தையும் நெற்றிப்பொட்டையும் இரண்டு விரலால் அழுத்துங்கள். உங்களுக்குப் பழக்கமான அதே வலி கிளம்பினால், கோளாறு பெரும்பாலும் தசையில்தான். காலையில் கூடுதலாக இருப்பதைப் பார்த்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. கன்னத்தின் உட்புறம் வெள்ளைக் கோடு விழுந்திருப்பதும், நாக்கின் ஓரத்தில் பல் தடம் பதிந்திருப்பதும் அதற்குத் துணைச் சாட்சிகள்.

இரவில் கடிப்பது நம் கையில் இல்லை. பகலில் கடிப்பதை நிறுத்த முடியும், பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. கணக்குப் பார்த்தால் ஒரு நாளில் அரை மணி நேரம்கூட அவை சேர்ந்திருக்கத் தேவையில்லை. ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, வண்டி ஓட்டும்போது, காய் நறுக்கும்போது எல்லாம் நம்மை அறியாமல் கடித்துக்கொண்டிருக்கிறோம். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் பிரிந்திருக்கட்டும், நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் மெல்லத் தங்கட்டும். கைபேசியின் பின்புறம், அடுப்பு மேடைச் சுவர், கணினித் திரையின் ஓரம் ஆகிய இடங்களில் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டி வையுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துத் தளர்த்துங்கள். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றினாலும், இதை விடாமல் செய்பவர்களுக்குச் சில வாரங்களில் வலி நன்றாகவே குறைகிறது.

கூடவே, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுங்கள். காலை, மாலை இரு வேளையும் செய்யலாம். தோல் சுடாத சூடு போதும். ஒத்தடம் முடிந்ததும், நாக்கு நுனியை அண்ணத்திலிருந்து எடுக்காமல் வாயை மெதுவாக ஆறு முறை திறந்து மூடுங்கள். நாக்கு அங்கேயே இருந்தால் வாய் அளவுக்கு மீறித் திறக்காது. இரண்டு வாரத்துக்கு இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், வேகவைத்த காய் என்று மென்மையாகச் சாப்பிடுங்கள். முறுக்கு, கரும்பு, பாக்கு, சூயிங்கம் வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் கஞ்சியிலேயே இருந்துவிடாதீர்கள். வேலையில்லாத தசையும் வலுவிழக்கும். கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கையை முட்டுக்கொடுங்கள். குப்புறப் படுக்காதீர்கள்.

வலி மாத்திரையை மருத்துவரைக் கேட்டுச் சில நாள் எடுக்கலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஐப்யூபுரோஃபன் வகை மாத்திரைகளைத் தாமாக வாங்கிப் போடக் கூடாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள்; அவற்றில் சில பல் கடிப்பதைத் தூண்டும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வாயைத் திறந்தால் 'டக்' என்று சத்தம் வருகிறது. வலி இல்லை. எலும்பு தேய்ந்துவிட்டதா?
*கல்லூரி மாணவர், கோவை*

தேய்மானம் இல்லை. கீழ்த்தாடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில், குல்லாய் போல ஒரு மெல்லிய குருத்துத் தட்டு உட்கார்ந்திருக்கிறது. அது கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தால், வாயைத் திறக்கும்போது எலும்பின் தலை அதன் விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறும். அந்தச் சத்தம்தான் 'டக்'. வலியும் இல்லை, வாயும் முழுதாகத் திறக்கிறது என்றால் சிகிச்சை எதுவும் வேண்டாம். நண்பர்களுக்குக் காட்டுவதற்காக அதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒருநாள் சத்தம் திடீரென நின்று, வாய் பாதிக்கு மேல் திறக்காமல் ஒரு பக்கமாக இழுத்தால், தட்டு வழியை மறித்துக்கொண்டது என்று பொருள். அப்போது நாள் கடத்தாமல் வாய், முக அறுவை மருத்துவரைப் பாருங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தட்டு தெரியாது. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. கேட்பார்கள்.

என் தம்பிக்கு வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. காரம் பட்டாலே எரிகிறது. தாடை மூட்டுக் கோளாறா?
*வாசகி, மதுரை*

பாக்கு போடுகிறாரா, பாக்கு கலந்த பொட்டலங்களை மெல்லுகிறாரா? முதலில் அதைக் கேளுங்கள். பெரியவர்களுக்குத் தங்களுடைய மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி நுழைக்கும் அளவுக்கு, ஏறக்குறைய 40 மில்லிமீட்டருக்கு, வாய் திறக்க வேண்டும். எரிச்சலும் சேர்ந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தடித்து நார்நாராகத் தட்டுப்பட்டால், அது மூட்டு வலி இல்லை. பாக்கினால் வாயின் உட்தோல் இறுகும் நோய் அது, புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கை இன்றே விட வேண்டும். பக்கத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு இந்த வாரமே அழைத்துப் போங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம்.

இணையத்தில் 'நைட் கார்டு' வாங்கிப் போடலாமா? பற்களைத் தேய்த்துக் கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தை, சரிசெய்தாலே போதும் என்றும் ஒருவர் சொன்னார்.
*வாசகர், சேலம்*

நைட் கார்டு என்பது தூங்கும்போது பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் தகடு. வாங்கிப் போடுவதைவிட, பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும் கடினமான அக்ரிலிக் தகடு நல்லது. எல்லாப் பற்களையும் மூடியிருக்க வேண்டும். முன்பற்களை மட்டும் மூடும் தகட்டை மாதக்கணக்கில் போட்டால் பின்பற்கள் மேலெழும்பிக் கடியே மாறிவிடலாம். இரவில் மட்டும் போடுங்கள், காலையில் குளிர்ந்த நீரில் மென்மையான பிரஷால் கழுவுங்கள். சூடு பட்டால் தகடு வளையும். தகடு பல் கடிப்பதை நிறுத்தாது. பல் தேயாமல் காக்கும், தசையின் சுமையைக் கொஞ்சம் குறைக்கும்.

தாடை வலிக்காகப் பற்களைத் தேய்த்துக் கடியை மாற்றச் சம்மதிக்காதீர்கள். தேய்த்த பல் திரும்ப வளராது, வலி அதனால் குறையும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இல்லை.

கொட்டாவி விட்டதும் அம்மாவுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. மருத்துவமனையில் சரிசெய்தார்கள். மறுபடி வந்தால் வீட்டிலேயே செய்யலாமா?
*வாசகர், திருச்சி*

கூடாது. கையுறை போட்டு, கட்டை விரல்களைக் கடைவாயில் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவதுதான் முறை. ஆனால் தாடை சட்டென்று மூடும்போது விரல் கடிபடும். வேகமாக மருத்துவமனைக்குப் போவதே சரி. நேரம் ஆக ஆகத் தசை இறுகி, மயக்க மருந்தில்லாமல் சேர்க்க முடியாமல் போகும். அடுத்த சில வாரம் பெரிய கொட்டாவி, பெரிய கவளம் இரண்டும் வேண்டாம்.

62 வயது அப்பாவுக்கு மாடி ஏறினால் இடது தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. எந்தப் பல் மருத்துவரைப் பார்ப்பது?
*வாசகி, வேலூர்*

பல் மருத்துவர் வேண்டாம். நடந்தால் வந்து, ஓய்வெடுத்தால் போகும் தாடை வலி இதயத்திலிருந்து வரக்கூடும். மெல்லுவதால் வலி கூடவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. இன்றே இதய மருத்துவரிடம் காட்டி ஈ.சி.ஜி. எடுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, வியர்வை, மூச்சுத்திணறல் சேர்ந்தாலோ, 108-ஐ அழையுங்கள்.