கிச்சன் கேபினட்டுக்கு எம்ஆர் பிளைவுட் போதுமா, 710 தான் வேண்டுமா?

சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டிக்கு யோசிக்காமல் ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் 'மரைன்' பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) வாங்கிவிடுங்கள், மற்ற இடங்களில் செலவைக் குறைக்கலாம். வித்தியாசம் பெரும்பாலும் பசையில்தான்: எம்ஆரில் (ஈரப்பதம் தாங்கும் சாதாரண ரகம்) யூரியா பிசின், அது காற்றின் ஈரத்தைச் சமாளிக்கும், ஆனால் தண்ணீர் தேங்கினால் ஓரம் உப்பி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். 710-ல் பீனால் பிசின். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கான சோதனை. இரண்டுக்கும் நடுவில் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும் ரகம், ஆனால் 710 அளவுக்கு இல்லை), மேல் கேபினட்டுக்கு அது தாராளம். பெட்ரூம் அலமாரிக்கு எம்ஆரே போதும். கடைக்காரர் வாயால் சொல்லும் 'மரைன்' கணக்கில் சேராது (சிலருக்கு எல்லாமே மரைன்தான்), ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையோடு 710 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் அறுத்த ஓரத்தையும் பாருங்கள், உள்ளே இடைவெளி தெரிந்தால் அங்கே கீல் ஸ்க்ரூ நிற்காது.