தொலைதூரப் பணியிடம் கிடைத்த டாக்டர் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

எம்.பி.பி.எஸ். முடித்த மகளை மலைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிட்டார்கள், இனி அவள் வாழ்க்கை தேங்கிப் போகும் என்று கலங்கியிருந்தீர்கள். பெற்ற மனம் அப்படித்தான் பதறும். உங்களுக்கு பாட்ரிக் மேன்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1844இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பக்கம் பிறந்தவர். முதலில் வேலை பழகியது இரும்புப் பட்டறையில். முதுகெலும்பில் கோளாறு வந்து அதை விட்ட பிறகுதான் மருத்துவம் படித்தார். 1866இல் தைவான், 1871இல் சீனாவின் அமோய் துறைமுகம். ஆராய்ச்சிக்கூடமோ கலந்து பேச நிபுணர்களோ அங்கே கிடையாது. ஆனால் யானைக்கால் நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். வீக்கத்தை அறுத்து எடுப்பதோடு மேன்சன் நிற்கவில்லை. இது எப்படிப் பரவுகிறது என்று தோண்டிக்கொண்டே இருந்தார்.

1877இல், யானைக்கால் நோய்க்குக் காரணமான நுண்புழு ரத்தத்தில் இருந்த தன் தோட்டக்காரரைக் கொசு கடிக்க விட்டார். ரத்தம் குடித்த கொசுக்களை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே புழு வளர்ந்துகொண்டிருந்தது! இந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் ரத்த ஓட்டத்தில் அதிகம் தென்படும் என்பதையும் அவரே கண்டார். நம்மூரில் சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வந்து விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்களே, காரணம் இதுதான்.

எல்லாமே சரியாகச் சொல்லிவிடவில்லை. கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் தொற்றுகிறது என்று நினைத்தார். அது தவறு. ஆனால் கொசுவைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். 1894இல் லண்டனில், இந்தியாவில் வேலை பார்த்த ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸுக்கு மலேரியாக் கிருமியைக் காட்டி வழிசொன்னார். 1897இல் செகந்திராபாத்தில் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டுபிடித்தார். 1899இல் லண்டனில் வெப்பமண்டல மருத்துவத்துக்கென்றே ஒரு பள்ளி தொடங்கியது, மேன்சனின் முயற்சியால்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். பி.ஜி. கனவை விடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு அதில் தனி ஒதுக்கீடு உண்டு. இந்த ஆண்டு விதிகளை அவளே படித்துப் பார்க்கட்டும். கூடவே ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். எந்த நோய் எந்த ஊரிலிருந்து, எந்த மாதத்தில் அதிகம் வருகிறது என்று நோயாளிகளின் பெயர் இல்லாமல் குறிக்கட்டும். சமூக மருத்துவமோ பொது மருத்துவமோ எடுத்தால் அந்தக் குறிப்பிலிருந்தே ஆய்வுக்கு ஒரு கேள்வி கிடைக்கலாம். இன்று ராத்திரி போனில் பேசும்போது பரீட்சையைப் பற்றிக் கேட்காதீர்கள். அங்கே என்ன நோயோடு ஜனங்கள் வருகிறார்கள் என்று கேளுங்கள்.