மூலிகைக் கருப்பு என்றால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 36. கோவில்பட்டியில் பள்ளி ஆசிரியை. டெங்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போது தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வருகிறது. வகிட்டோரம் நரையும் கூடிவிட்டது. அம்மா காய்ச்சித் தரும் கரிசலாங்கண்ணி எண்ணெயும் சின்ன வெங்காயச் சாறும் போதுமா? கடையில் பத்தே நிமிடத்தில் கருப்பாக்கும் மூலிகை மருதாணிப் பொடி தருகிறார்கள். அடுத்த மாதம் தம்பி கல்யாணம். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: பொடியை வாங்காதீர்கள். எண்ணெய்க்கும் வெங்காயத்துக்கும் பிறகு வருகிறேன்.

மருதாணி இலையிலிருந்து கருப்பு நிறம் வராது. அதிலுள்ள சாயப்பொருள் தருவது செம்பட்டை நிறம், அதுவும் மணிக்கணக்கில் ஊறினால்தான். பத்து நிமிடத்தில் முடி கன்னங்கரேலென்று ஆகிறதென்றால் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பாராஃபினைலின்டையமின், சுருக்கமாகப் பிபிடி, என்ற இரசாயனம். பாக்கெட்டின் முகப்பில் நெல்லிக்காயும் செம்பருத்தியும் பளபளக்கும். இந்தப் பெயர் பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் கிடக்கும். இது கலந்த சாயத்தில் எச்சரிக்கை வாசகத்தை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும், முதலில் சிறிது தடவிச் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று விதியே இருக்கிறது. எந்தக் கடைக்காரரும் அதைப் படித்துக் காட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. உறையில் எதுவுமே அச்சிடாமல் எடைபோட்டுத் தரும் பொடி இன்னும் மோசம்.

கண்ணிமை வீங்கி, காதோரம் நீர் வடிய வருகிறவர்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: “இயற்கைப் பொடிதானே டாக்டர், போன தடவை ஒன்றும் செய்யவில்லையே?” ஒவ்வாமை அப்படித்தான் வரும். பல தடவை பேசாமல் இருந்துவிட்டு ஒருநாள் முகத்தையே வீங்கவைக்கும். ஒருமுறை வந்துவிட்டால் உடம்பு அதை மறக்காது.

இனி முடி உதிர்வு. டெங்கு, டைபாய்டு, பிரசவம், பட்டினி போட்டு உடல் இளைத்தல் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். காய்ச்சலின்போது வளர்ச்சியை நிறுத்திக்கொண்ட முடிகள் இப்போது விழுகின்றன. வேர் சாகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்று, புதுமுடி முளைக்கும். எண்ணெய் வியாபாரிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ‘தொண்ணூறு நாளில் பலன்’ என்று அவர்கள் போடுவது சும்மா இல்லை. நீங்கள் பதறிப்போய் வாங்குவது உதிர்வு உச்சத்தில் இருக்கும்போது. மூன்று மாதத்தில் எப்படியும் குறையப்போகிறது. பெயர் பாட்டிலுக்குப் போகும், நீங்களே நாலு பேருக்குச் சிபாரிசும் செய்வீர்கள்.

1945-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதன விதிகளில் ‘ஜே’ என்றொரு அட்டவணை உண்டு. எந்த மருந்தும் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியல் அது. வழுக்கை அதில் இருக்கிறது. முடியின் நிறத்தை மாற்றுவதும் புதுமுடி வளர்ப்பதும் இருக்கின்றன. ஆனாலும் ‘முன்’, ‘பின்’ படங்களோடு விளம்பரங்கள் நாள்தோறும் ஓடுகின்றன. தடுக்க வேண்டியவர்களும் அதே தொலைக்காட்சியைத்தானே பார்க்கிறார்கள்!

அம்மாவின் எண்ணெய்க்கு என் ஆட்சேபம் இல்லை. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் எண்ணெய் நிறுவனத்து ஆய்வாளர்கள்தான், இருந்தாலும் விஷயம் சரி. முடி உடைவது குறையும். ஆனால் வெளியே தெரியும் நரைமுடி உயிரற்ற இழை. அதைக் கருப்பாக்க எண்ணெய் தேய்ப்பது வெட்டிய விறகுக்குத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். காய்ச்சும்போது கீரைச் சாற்றின் ஈரம் முழுவதும் சுண்ட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் கெட்டுவிடும். பொடுகு இருந்தால் எண்ணெயை நிறுத்திவையுங்கள்.

சின்ன வெங்காயம் உங்களுக்கு வேண்டாம். 2002-ல் பாக்தாத் மருத்துவர்கள் வெங்காயச் சாற்றைச் சோதித்தது புழுவெட்டுக்கு, அதாவது வட்டமாக முடி கொட்டும் நோய்க்கு. உங்களுக்கு இருப்பது அதுவல்ல. சாறு தலையை எரிப்பதுதான் மிஞ்சும்.

நரை கூடியிருப்பது பெரும்பாலும் பரம்பரை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எந்த வயதில் நரைத்தது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வைட்டமின் பி12 குறைவு. அது குறைந்தால் சீக்கிரம் நரைக்கலாம். சரிசெய்தால் சிலருக்கு நிறம் திரும்புவதும் உண்டு. இந்த வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் கிடைக்கிறது. கீரையில் இல்லை, பருப்பில் இல்லை, கறிவேப்பிலைத் துவையலை வருடம் முழுக்கச் சாப்பிட்டாலும் வராது. நீங்கள் சுத்த சைவமா? பாலும் குறைவாகத்தான் குடிப்பீர்களா? சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுக்கிறீர்களா? கால் விரல்கள் மரத்துப்போகின்றனவா, நாக்கு எரிகிறதா? ஒன்றுக்கேனும் ஆமென்றால் முதலில் பி12 பாருங்கள். கூடவே ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு. இந்த நான்கும் போதும். ‘முடி உதிர்வு பேக்கேஜ்’ என்று ஆய்வுக்கூடத்தார் நீட்டும் நீண்ட பட்டியலை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டலாம்.

கல்யாணத்துக்குக் கருப்பு வேண்டுமென்றால் மருதாணியும் நீலச்சாயம் தரும் அவுரி இலையும் சேர்ந்த பழைய முறை இருக்கிறது. மருதாணிப் பொடியைத் தேயிலை டிகாக்‌ஷனில் இரவு ஊறவைத்துக் காலையில் பூசி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அலசுங்கள். முடி செம்பட்டையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். மறுநாள் அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில் குழைத்துக் கால் மணி நேரம் வைத்திருந்து பூசி, ஒன்றரை மணி நேரம் விடுங்கள். குழைத்ததை அடுத்த நாளுக்கு எடுத்துவைக்கக் கூடாது, வீரியம் போய்விடும். ஷாம்பு போடாமல் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். காற்றுப் பட்டு ஓரிரு நாளில்தான் நிறம் முழுதாகக் கருக்கும். நாட்டுமருந்துக் கடையில் நீல அவுரி என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் பக்கம் நிலாவாரையையும் அவுரி என்றே விற்பார்கள். அது பேதிக்குக் கொடுப்பது, தலைக்குக் கருப்பு தராது.

இரண்டு பொடியையும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே வேலையை முடித்துவிடுங்கள்.