மகளுக்கு எலக்ட்ரிக்கலா, எலக்ட்ரானிக்ஸா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த என் மகளுக்கு, கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வான கீம் தரவரிசைப்படி ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்), ஈ.சி.ஈ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) இரண்டுமே கிடைக்கும் போலிருக்கிறது. பெண்பிள்ளைக்கு எலக்ட்ரிக்கல் வேண்டாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

நானும் சித்தூர் தாலுகாவில் தமிழ் வழியில் படித்தவள்தான். ட்ரிபிள் ஈ முடித்து, பதினெட்டு ஆண்டுகளாகத் துணைமின் நிலையங்களில், கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் பாதுகாப்பு ரிலேக்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். என் தம்பி ஈ.சி.ஈ. படித்துவிட்டுப் பெங்களூரில் சிப் சரிபார்ப்பு வேலையில் இருக்கிறான். ஆகையால் இரண்டு பக்கத்தையும் வீட்டுக்குள்ளேயே பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. ட்ரிபிள் ஈயின் விரிவில் எலக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லும் வருவதால், அதை எடுத்தால் இரண்டையும் சமமாகப் படித்துவிடலாம் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். உண்மையில் மோட்டார், ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், மின்கடத்தல், பகிர்மானம், பாதுகாப்பு ஆகியவையே அந்தப் படிப்பின் முதுகெலும்பு; எலக்ட்ரானிக்ஸ் அவற்றை இயக்கவும் கட்டுப்படுத்தவும் வேண்டிய அளவுக்கு வரும். ஈ.சி.ஈ.யிலோ செமிகண்டக்டர், டிஜிட்டல் சர்க்யூட், சிக்னல் ப்ராசசிங், ஆன்டெனா, தகவல்தொடர்பு, சிப் வடிவமைப்பு என்று பாதை வேறு பக்கம் திரும்பிவிடும். சர்க்யூட் தியரியும் கன்ட்ரோல் சிஸ்டமும் இரண்டுக்கும் பொது.

எங்கள் தோப்புக் கிணற்றில் ஐந்து ஹெச்.பி. மோட்டார் ஒன்று இருந்தது. ஒரு கோடையில், ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேஸில் ஒன்று போய்விட, மீதி இரண்டு பேஸும் கூடுதல் கரண்ட் இழுத்துக் காயில் கருகிவிட்டது. மோட்டார் ரூமின் கதவைத் திறந்தபோது வந்த வார்னிஷ் கருகிய வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா அதைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்க் காயில் கட்டிக்கொண்டு வந்த பிறகு, மெக்கானிக் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒன்றை மாட்டினார். உள்ளங்கையில் அடங்கும் பச்சைப் பலகை, அதில் சில ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள், சிறிய ரிலே ஒன்று. இரண்டு பேஸில் ஓடினால் காயில் ஏன் எரிகிறது என்று நான் அவரைக் கேட்டேன். ஒரு பேஸ் போனது அந்தப் பலகைக்கு எப்படித் தெரிகிறது என்று தம்பி கேட்டான். பின்னாளில் நாங்கள் எடுத்த படிப்புகளும் அப்படியே அமைந்தன. உங்கள் மகளும் இப்படி எந்தப் பக்கம் கேள்வி கேட்கிறாள் என்று கவனிப்பதைத்தான் நான் முதல் வேலையாகச் சொல்வேன். ஆற்றலை உண்டாக்கி, கடத்தி, வேலை வாங்குவதில் ஆர்வம் இருந்தால் எலக்ட்ரிக்கல். சிறிய மின்குறிகளில் செய்தியைப் பிடித்து, பிரித்து, அனுப்புவதில் ஆர்வம் இருந்தால் எலக்ட்ரானிக்ஸ்.

எதை எடுத்தாலும் மற்றதை விட்டுவிட முடியாது என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வேலையில் சேர்ந்தபோது பல துணைமின் நிலையங்களில் பழைய ரிலேக்கள் இருந்தன. கண்ணாடி மூடிக்குள் அலுமினியத் தட்டு மெல்லச் சுழன்று தொடர்பைச் சேர்ப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இன்று அந்த இடத்தில் இருப்பது கணினிபோல் கணக்கிட்டு முடிவெடுக்கும் நியூமெரிக்கல் ரிலே. அது கரண்டையும் வோல்டேஜையும் நொடிக்குப் பல நூறு முறை மாதிரி எடுத்து, அலையைக் கூறுகளாகப் பிரிக்கும் ஃபூரியே கணக்குப் போட்டு, முடிவை ஃபைபர் கேபிள் வழியே அனுப்புகிறது. கல்லூரியில் மேலோட்டமாகக் கடந்துபோன சிக்னல் ப்ராசசிங்கை முப்பது வயதில் முதலிலிருந்து படித்தேன்.

நம் மாவட்டத்தின் வழியாகவே போகும் புகளூர்–திருச்சூர் உயர் அழுத்த நேர்மின் தடத்தைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அது, ±320 கிலோவோல்ட்டில் 2000 மெகாவாட் வரை கொண்டுவரக்கூடியது. கோபுரம், கம்பி, இன்சுலேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் எலக்ட்ரிக்கல்காரர்களின் உலகம். ஆனால் இரண்டு முனையிலும் மாறுமின்னை நேர்மின்னாகவும், நேர்மின்னை மாறுமின்னாகவும் மாற்றுவது ஐ.ஜி.பி.டி. என்னும் செமிகண்டக்டர் சுவிட்சுகள். சோலார் இன்வெர்ட்டரிலும் மின்சார ஆட்டோவிலும் நடப்பது சிறிய அளவில் இதுவே. பவர் எலக்ட்ரானிக்ஸ் என்ற இந்தப் பாடம் ட்ரிபிள் ஈயில்தான் ஆழமாக வரும். வரும் ஆண்டுகளில் வேலை பெருகும் இடம் இது என்பது என் உறுதியான எண்ணம்.

பெண்பிள்ளைக்கு எலக்ட்ரிக்கல் வேண்டாம் என்ற பேச்சை நானும் கேட்டு வளர்ந்தவள். துணைமின் நிலைய யார்டில், மின்சாரத்தை நிறுத்தியதற்கான லைன் கிளியர் வாங்கி, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதிப்படுத்தி, எர்த் ராடு மாட்டிய பிறகே யாராக இருந்தாலும் கைவைக்கலாம். அந்த ஒழுங்கைப் பின்பற்றத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கிறது, மதிப்பும் கிடைக்கிறது. இரவு அழைப்புகளும் மழையில் நிற்பதும் உண்டு, அதை மறைக்கமாட்டேன். வடிவமைப்பு, திட்டமிடல், மின் தேவைக்கேற்ப உற்பத்தியைப் பங்கிடும் லோடு டெஸ்பாட்ச், மீட்டர் சோதனைக்கூடம் என்று உட்கார்ந்து செய்யும் பணிகளும் இதே பட்டத்துக்குள் இருக்கின்றன.

ஐ.டி. நிறுவனங்கள் இரண்டு பிரிவினரையும் எடுக்கின்றன. அதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. கேரள மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் (மின்) பணிதான் குறி என்றால் எலக்ட்ரிக்கல் பட்டமே வேண்டும். சிப் வடிவமைப்புதான் குறி என்றால் ஈ.சி.ஈ.யோடு எம்.டெக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு விரும்பிய வேலை அதன் பிறகுதான் கிடைத்தது.

நான் படித்த கல்லூரியின் மெஷின்ஸ் ஆய்வகத்தில் ஆறு மோட்டார்களில் இரண்டுதான் ஓடும். மீதிக்கு நாங்கள் ரீடிங்கை சீனியர்களின் நோட்டிலிருந்து எழுதினோம். அந்தக் குறையை வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் பட்டுத்தான் சரிசெய்தேன். எனவே கல்லூரியையும் பிரிவையும் விருப்ப வரிசைப்படி ஆப்ஷனாகப் பதிவு செய்வதற்குமுன் மகளை அழைத்துக்கொண்டு இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போய், ஆய்வகத்தில் எத்தனை கருவிகள் ஓடுகின்றன என்று அங்குள்ள மாணவர்களிடமே கேளுங்கள். அவள் மனம் ஒரு பக்கம் தெளிவாகச் சாய்ந்திருந்தால் அந்தப் பிரிவையே எல்லாக் கல்லூரிகளிலும் முதலில் வையுங்கள். இல்லையென்றால் பிரிவைப் பாராமல், ஆய்வகம் நன்றாக இருக்கும் கல்லூரியை வரிசையில் மேலே வையுங்கள்.