எடை குறைந்த பேக்பேக்கில் ஸ்னோஷூவை எங்கே, எப்படிக் கட்டுவது?

ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குப் போகிறேன், 40 லிட்டர் லேசான பைதான் இருக்கிறது, ஸ்னோஷூவை (பனியில் கால் புதையாமல் நடக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டம்) அதில் எங்கே மாட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பையில் உள்ளே கம்பியோ சட்டமோ இருக்காது, முதுகுப் பக்கம் மெல்லிய ஸ்பாஞ்சு, வெளிப்பக்கம் வலைத்துணியில் ஒரு பெரிய பாக்கெட், அவ்வளவுதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்த வலைப் பாக்கெட்டில் மட்டும் செருகாதீர்கள். நான் செருகினேன்.

இரண்டு வருடம் முன்பு, பொங்கல் வாரம். டெல்லி கஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் ஏறி, பனிமூட்டத்தில் ஊர்ந்து டேராடூன் போய், அங்கிருந்து மசூரி, புரோலா, மோரி வழியாக, மலையேற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமம். டேராடூனிலிருந்து மட்டுமே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், மலைப்பாதை என்பதால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். என் பை 850 கிராம், உள்ளே சாமானோடு ஏழு கிலோ. ஸ்னோஷூ ஜோடி இரண்டு கிலோ, 24 அங்குல நீளம், அலுமினியச் சட்டம், அடியில் இரும்புப் பற்கள். மொத்தம் ஒன்பது கிலோதானே, இதற்கு என்ன யோசனை என்று பாக்கெட்டில் இரண்டையும் நிற்க வைத்து, மேலே எலாஸ்டிக் கயிறால் ஒரு கட்டு போட்டுவிட்டேன்.

சாங்க்ரியிலிருந்து ஏறும் பாதையில் ஆட்கள் போய்ப் போய்ப் பனி இறுகியிருந்தது, மைக்ரோஸ்பைக் (ஷூவின் மேல் இழுத்து மாட்டும் சின்ன இரும்புப் பற்கள்) போதும். ஆனால் பைன் காட்டுக்குள் அரை மணி நேரம் ஏறியதுமே தெரிந்துவிட்டது. எலாஸ்டிக் நீளும் இல்லையா, ஒவ்வொரு அடிக்கும் ஸ்னோஷூ பின்னால் போய் மறுபடி வந்து முதுகில் இடித்தது. எடை முதுகைவிட்டு விலக விலகத் தோளைப் பின்னால் இழுக்கும். சட்டம் உள்ள பையில் அந்த இழுப்பு இடுப்பு பெல்ட்டுக்கு இறங்கும். நம் பையில் துணிதான் வளையும், முழுவதும் தோளில் வந்து உட்காரும். வழியில் உள்ள ஜூடா கா தாலாப் ஏரி வந்தபோது இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன.

பையை இறக்கினால், பற்கள் வலையைக் கிழித்து, அதைத் தாண்டி உள் துணியையும் கிழித்திருந்தன. விரல் நுழையும் அளவு ஓட்டை, சரியாக ஸ்லீப்பிங் பேக் இருந்த இடத்தில். ஸ்னோஷூவில் ஒட்டியிருந்த பனி உருகி உள்ளே இறங்கி ஸ்லீப்பிங் பேக்கில் கால் வைக்கும் பக்கம் நனைந்துவிட்டது. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. ஈரமான ஸ்லீப்பிங் பேக்கில் அந்தக் குளிரில் படுப்பது அசௌகரியம் என்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, ஆபத்து. எங்களோடு வந்த சாங்க்ரிக்காரர் தன் போர்வையைக் கொடுத்தார், மறுநாள் காலையில் கோணி ஊசியால் பையைத் தைத்தும் கொடுத்தார்.

அன்று ராத்திரி பனி கொட்டியது. காலையில் பாதையே இல்லை, தொடை வரை கால் புதைந்தது. ஸ்னோஷூ இருந்ததால்தான் நடக்க முடிந்தது. “இந்தியாவில் ஸ்னோஷூ தேவையே இல்லை, மைக்ரோஸ்பைக் போதும்” என்று இங்கே யாராவது எழுதுவார்கள், அதனால் சொல்கிறேன். மிதிபட்ட பாதைக்கு அது சரி. புதுப்பனிக்குச் சரியில்லை. “சட்டம் வைத்த பெரிய பை வாங்கிக்கொள்” என்றும் சொல்வார்கள். அதுவே இரண்டு கிலோவுக்கு மேல் வரும், எனக்கு முழங்கால் வலி உண்டு, எடையைக் குறைத்ததால்தான் ஏறவே முடிகிறது. அவரவர் உடம்பு அவரவருக்கு.

பொங்கல் வாரம் என்றேன் அல்லவா. பதினொரு வருடமாக டெல்லியில் வேலை. ஜனவரி 13ஆம் தேதி ஆபீஸில் பஞ்சாபிகளின் லோஹ்ரி பண்டிகைக்கு ரேவடி என்ற எள் மிட்டாய், வேர்க்கடலை கொடுப்பார்கள், சந்தோஷமாக வாங்கிச் சாப்பிடுவேன். பொங்கலன்று காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் வைப்பார்கள். ஆர்.கே.புரத்தில் அம்மா ஐந்து மணிக்கு எழுந்து அந்தக் குளிரில் பொங்கல் வைத்து, நான் வாயில் போட்டுக்கொண்டு ஓடுவேன். ஒரு நாள் லீவு கேட்டால் “அது உங்கள் ஊர்ப் பண்டிகைதானே” என்பார்கள். அந்த வருடம் ஒரு வாரம் சொந்த லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன். “பொங்கலுக்கு வீட்டில் இல்லாமல் மலையில் போய் என்னடா பண்ணப்போகிறாய்” என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

இப்போது நான் கட்டும் விதம் அந்த சாங்க்ரிக்காரர் காட்டியது. இரண்டு ஸ்னோஷூவின் அடிப்பாகத்தையும் ஒன்றோடொன்று சேர்த்து வையுங்கள், பற்கள் நடுவில் மாட்டிக்கொள்ளும், பையையும் தொடாது, பின்னால் வருபவரையும் கிழிக்காது. வால் பக்கம் கீழே, மூக்கு மேலே. பையின் வெளி நடுவில் நெட்டாக வைத்து மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பட்டை. எலாஸ்டிக் வேண்டாம். ஸ்கீ கட்டுவதற்கென்று விற்கும் பாலியூரிதேன் பட்டை நல்லது, கிடைக்காவிட்டால் நைலான் நாடா. பட்டை கோர்க்க என் பையில் வளையமே இல்லை, டெல்லி முனிர்காவில் ஒரு செருப்புத் தைப்பவர் 200 ரூபாய்க்கு நான்கு நைலான் வளையம் தைத்துக் கொடுத்தார், இன்னும் அசையவில்லை. பைக்குள் ஸ்லீப்பிங் மேட்டைச் சுருட்டி உள்சுவர் போல விரித்துவிட்டால் துணி வளையாது. கனமான சாப்பாட்டுப் பொட்டலங்கள் முதுகை ஒட்டி, லேசான துணிகள் வெளிப்பக்கம். ஸ்லீப்பிங் பேக் கட்டாயம் பிளாஸ்டிக் உறைக்குள்.

பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டலாமே என்றால், கட்டலாம், முதுகுக்கு அதுதான் சுகம். ஆனால் பற்களை உள்பக்கம் திருப்பினால் பை கிழியும், வெளிப்பக்கம் திருப்பினால் உங்கள் முழங்கை. காட்டுக்குள் இரண்டு பக்கமும் கிளையில் மாட்டும், தண்ணீர் பாட்டிலுக்கும் இடம் போய்விடும். மரமில்லாத மேட்டில் மட்டும் நான் அப்படிக் கட்டுவேன், பற்களுக்குப் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி.

நடந்து முடித்துத் திரும்பக் கட்டும்போது அடியில் ஒட்டிய பனியைக் கைத்தடியால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அரைக் கிலோ கூடும். பிளாஸ்டிக் பக்கிளுக்குள் ஈரம் போய் உறைந்தால் திறக்காது. கிளம்பும் முன் முழுச் சாமானோடு உங்கள் அபார்ட்மெண்ட் படியில் பத்து தடவை ஏறி இறங்குங்கள், இடிக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் தடிமனான கையுறை போட்டுக்கொண்டு கழற்றிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் பட்டையை மாற்றிவிடுங்கள்.