மற்றவர்களின் ஆபத்தான நம்பிக்கைகளை நாம் தட்டிக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் எல்லா நம்பிக்கையோடும் மல்லுக்கு நிற்கத் தேவையில்லை. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்களையும், சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிறவர்களையும் பிடித்துவைத்துப் பகுத்தறிவு பேசுவது வெட்டி வேலை. நம்புகிறவர் ஒருவர், அதில் உயிரைக் கொடுக்கிறவர் இன்னொருவர் என்று வரும்போது வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் இதற்குப் பொருத்தமான உதாரணம் பாம்புக்கடி. இப்போது குறைந்திருந்தாலும், பிசான நெல் அறுப்பில் யாரையாவது கடித்துவிட்டால் மந்திரிக்கிறவர் வீட்டுக்கு ஓடுகிறவர்கள் இன்னும் உண்டு. வேப்பிலையால் தடவி, நாலு மிளகை மெல்லச் சொல்வார். காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்று கணக்கு. பெரும்பாலும் ஆள் பிழைத்துக்கொள்வார். கடித்தது சாரையாகவோ தண்ணீர்ப் பாம்பாகவோ இருக்கும். விஷப் பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்காது. பெயர் மட்டும் மந்திரத்துக்குப் போய்விடும். சிக்கல் கட்டுவிரியனிடம்தான். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. அப்புறம் வயிறு வலிக்கும், கண் இமை தானாக இறங்கும், மூச்சு திணறும். மிளகு காரமாக இருக்கிறதே என்று அவரை வீட்டுக்கு அனுப்பினால் கதை முடிந்தது.

எங்கள் தெருவில் மந்திரிக்கிற தாத்தாவிடம் கூட்டத்துக்கு நடுவே "இது ஏமாற்று" என்றால் ஊரே அவர் பக்கம்தான் நிற்கும். நிற்கத்தானே செய்யும், பத்துப் பைசா வாங்காமல் செய்கிறவர். அதனால் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன்: "தாத்தா, நீங்க திருநீறு போடுங்க. போட்ட கையோட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருங்க. கடிச்ச இடத்துக்கு மேல கயிறு மட்டும் இறுக்கிக் கட்டாதீங்க."

"எங்கய்யா காலத்துல ஆஸ்பத்திரி எங்கலே இருந்துச்சு?" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் அடுத்து வந்த ஆளுக்கு மிளகைக் கொடுத்துவிட்டு, "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கடே" என்று அவரே ஆட்டோவைக் கூப்பிட்டார்.

இது மழுப்பல் என்று என் சிநேகிதன் ஒருவன் சண்டைக்கு வருவான். மந்திரம் பலிக்கும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. யாராவது நேராகக் கேட்டால் பலிக்காது என்றுதான் சொல்வேன், தாத்தா கேட்டாலும். அவரை வாதத்தில் தோற்கடிப்பதைவிட, கடிபட்டவர் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேருவதுதான் எனக்கு முக்கியம்.

வளர்ந்த ஆள் ஒருவர் தன் உடம்புக்கு விஷமுறிவு ஊசி வேண்டாம் என்றால் கெஞ்சுவேன், கத்துவேன், அதற்கு மேல் எனக்கு உரிமை இல்லை. பிள்ளை என்றால் இந்தத் தயவுதாட்சண்யமெல்லாம் கிடையாது. தாத்தா கோபித்தாலும் சரி, மைனி (அண்ணன் மனைவி) வருஷக்கணக்கில் பேசாவிட்டாலும் சரி, முதலில் 108-ஐக் கூப்பிடுவேன். விஷமுறிவு ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான்.