தீபாவளிக்கு நாயோடு மதுரை பயணம்

வெடிச்சத்தம் ஆகாத லேப்ரடாரைக் காரில் சென்னையிலிருந்து மதுரைக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், ஆனால் வெடியைவிட எனக்குப் பயம் வாசல் கதவுதான். சொந்தக்காரர்கள் வந்துபோகும் வீட்டில் அது திறந்தேதான் கிடக்கும், ஒரு சரவெடி போதும், நாய் தெருவுக்குப் பாய்ந்துவிடும், புது ஊரில் திரும்பிவர வழியும் தெரியாது. கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பரை இப்போதே மாட்டிவிடுங்கள். வெடிக்க அரசு வழக்கமாகத் தரும் நேரம் காலை 6-7, இரவு 7-8, ஆனால் யார் கேட்கிறார்கள்? இருட்டுவதற்குள் வெளியே நடத்திவிட்டு, உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். அப்புறம் பாயசம். "ஒரு வாய்தானே" என்று பெரியம்மா யாராவது ஊட்டிவிடுவார், அதில் கிடக்கும் உலர்திராட்சை நாய்க்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடலாம். தூக்க மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், கிளம்பும் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.